நிருபர் கேட்டால் யார் பதில் சொல்வது?

2021 ஆகஸ்ட் மாதக் கடைசியை வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. மறு பக்கம் சீனிக்கும் பால்மாவுக்கும் தட்டுப்பாடு. உணவுப் பொருட்களுக்காக அவசரகால விதிமுறைகள் வந்து, களஞ்சியங்கள் தேடப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அந்நாட்களில் ஒரு காலை எனது கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் வங்கிக்குப் போயிருந்தேன். எடுத்தவர் மூதூர்ப் பக்கத்துப் பொடியன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான். "சீனி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவனும் வெள்ளை மனதோடு, "இரிக்கி சேர். ஆனா முதலாளி குடுக்க வேணாமெண்டு சொல்லியிருக்காரு" என்றிருக்கிறான்.

அவன் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. களஞ்சியத்தில் இருந்த இருபது மூடையும் வெளியூர்ச் சில்லறைக் கடைகளுக்கு ஏற்கனவே பில் போட்டு, காசும் வாங்கியவை. ஊரடங்கினால் லொறி வரவில்லை. அந்த மறுபாதியை அவன் சொல்லவில்லை. கேட்டவர் ஒரு பத்திரிகை நிருபர் என்பதும் அவனுக்குத் தெரியாது. மறுநாள் செய்தி வந்தது. அதற்கு அடுத்த நாள் அதிகாரிகள் வந்தார்கள். பில் புத்தகம் ஒழுங்காக இருந்ததால் தப்பினேன். ஆனால் செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் பில் புத்தகத்தைப் பார்க்கவில்லையே!

கோபத்தில் பொடியனை அனுப்பிவிடத்தான் நினைத்தேன். இரவு யோசித்தபோது ஒரு விடயம் உறைத்தது. தராசு பிடிக்கவும் பில் போடவும் சாமான் அடுக்கவும் பழக்கிய நான், வெளியாள் விசாரித்தால் என்ன சொல்வதென்று அவனுக்கு ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிழை என்னுடையது.

இது சீனியோடு முடிகிற கதையல்ல. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டில் மாக்கட்டி ஒன்றைக் கண்டவர்கள் அதைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஒருவர், கூட்டத்துக்கு நடுவில் மிரண்டுபோய்த் தலையாட்டியது கையடக்கத் தொலைபேசியில் பதிவானது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மா என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சொன்னது பிறகுதான். அந்த மனிதர் மீது குற்றமில்லை. அடிக்க வந்தவர்களுக்கு ஒரு சாட்டுத்தான் தேவைப்பட்டது. ஆனாலும், கமரா நீட்டப்படும் இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் முதலாளியல்ல, ஊழியர்தான் என்பதை அந்தச் சம்பவம் நமக்குக் காட்டிவிட்டது.

இப்போது எனது கடைத் தொலைபேசிக்கு மேலே ஒரு மட்டை தொங்குகிறது. அதில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "இதற்கு முதலாளிதான் பதில் சொல்வார். உங்கள் பெயர், பத்திரிகை, தொலைபேசி இலக்கம் தாருங்கள். எத்தனை மணிக்குள் பதில் வேண்டும்?" பக்கத்தில் ஒரு கொப்பி. கேட்டதை அதில் எழுதி உடனே எனக்கு அறிவிக்க வேண்டும்.

ஊழியர்களுக்கு இன்னும் சில விடயங்களைச் சொல்லி வைத்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள். "எழுத வேண்டாம், சும்மா சொல்கிறேன்" என்று எதையும் கதைக்காதீர்கள், சொன்னது சொன்னதுதான். மொழி விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள், விளங்குகிறவரைக் கூப்பிடுங்கள். கமராவைத் தட்டிவிடாதீர்கள், நிருபரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்குப் பார்சல் கட்டிக் கொடுக்கவும் வேண்டாம். அது வேறொரு செய்தியாகிவிடும்.

ஒரு வித்தியாசத்தையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். நிருபருக்குப் பதில் சொல்லும்படி தனியார் கடையைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அப்படியல்ல; சோதிக்க அவர்களுக்குச் சட்ட அதிகாரம் உண்டு. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒத்துழைக்க வேண்டும். "முதலாளி வரட்டும்" என்று அவர்களை வாசலில் நிறுத்தினால் அதுவே வழக்காகலாம்.

இனி முதலாளிமாருக்கு. ஊழியரைப் பேசாதே என்று சொன்னால் நாம் பேசியாக வேண்டும். பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் நிருபருக்குத் தொலைபேசி எடுத்து, முழு விபரத்தையும் பில்லோடு சொல்லுங்கள். ஒளிந்துகொண்டால் "கடை உரிமையாளர் கருத்துக் கூற மறுத்தார்" என்ற ஒரு வரி போதும், வாசகர் நம்மைக் குற்றவாளியாக்கிவிடுவார். செய்தி பிழையாக வந்தால் ஆசிரியருக்குத் திருத்தம் எழுதிக் கேளுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் 2003இலிருந்து இயங்கும் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். நிறை குறைந்த தராசையும் திகதி மாற்றி ஒட்டிய பெட்டியையும் எந்த மட்டையும் மறைக்காது. அதை நிருபரிடம் சொன்ன ஊழியரைத் துரோகி என்று ஏசுவதைவிட, தராசைத் திருத்துவதுதான் நமக்கு இலாபம்.

அந்தப் பொடியன் இன்றும் என்னிடம்தான் வேலை செய்கிறான். புதிதாக வருபவர்களுக்கு மட்டையை வாசித்துக் காட்டுவது இப்போது அவன் பொறுப்பு. நீங்களும் இன்று கடை பூட்டுமுன் ஊழியர்களைப் பத்து நிமிடம் இருத்திக் கதையுங்கள்.