சட்டையில் ஏறும் முதல் சின்னம்



பள்ளிச் சாரணர் படையில் பெயர் கொடுத்த மகன், வீடு திரும்பியதும் முதலில் கேட்பது சீருடை. எப்படியோ பணம் திரட்டித் தருமபுரிக் கடைத்தெருவில் வாங்கித் தந்துவிடுகிறோம். ஆனால் அச்சட்டையில் ஏறவேண்டிய முதல் சின்னத்தைப் பணம் கொடுத்துப் பெற இயலாது. அதற்குரிய உழைப்பின் பெரும்பகுதி நம் வீட்டிற்குள்ளேயே நடைபெற வேண்டும் என்பதைப் பெற்றோருள் பலர் அறிந்திலர்.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் இம்முதற்படிக்குப் ‘பிரவேஷ்’ என்று பெயர். நுழைவு என்பது அதன் பொருள். பத்து வயது நிரம்பிய சிறுவன் இதில் சேரலாம். இயக்கத்தின் வரலாறு, உறுதிமொழி, ஒன்பது விதிகள், சாரணர் வணக்கம், இடக்கைக் குலுக்கல், தேசியக் கொடியின் பொருள் ஆகியவற்றை அவன் கற்கிறான். படைக் கூட்டங்களில் கலந்துகொள்கிறான். இவற்றோடு, நாள்தோறும் ஒரு நற்செயல் புரிந்து, ஒரு மாதமேனும் அதனைக் குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும். அதன் பின்னரே, படையினர் முன்னிலையில் மூன்று விரல்களை உயர்த்தி உறுதிமொழி கூறுகிறான். கடவுளுக்கும் நாட்டிற்கும் ஆற்றும் கடமை, பிறருக்கு உதவி, சாரணர் விதிக்குக் கீழ்ப்படிதல் என்னும் மூன்றையும் அவ்விரல்கள் குறிக்கின்றன. லில்லி மலரும், மூவிலையும், நடுவில் அசோகச் சக்கரமும் அமைந்த சின்னம் அன்றுதான் அவனுக்கு உரியதாகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மலை ஏறுதலும், கூடாரம் அடித்தலும், ஆற்றைக் கடத்தலும் பின்னர் வருவன. அவன் வாக்குக் கொடுப்பதே முதலில் வருகிறது. திறமைக்குக் கிடைக்கும் பரிசன்று இச்சின்னம். கொடுத்த வாக்கின் அடையாளம்.

1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் பேடன் பவல் ஏறக்குறைய இருபது சிறுவர்களைக் கூட்டி முதல் முகாமை நடத்தினார். செல்வர் பள்ளிகளின் மாணவரும், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒரே பாசறையில் தங்கினர். நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் 1909-இல் இவ்வியக்கம் கால் ஊன்றிற்று. ஆயினும் அந்நாளில் அது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுச் சிறுவர்களுக்கே உரியதாயிருந்தது. இந்நாட்டுச் சிறுவனின் வாக்கு ஏற்கத்தக்கதாக எண்ணப்படவில்லை! முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் நடத்தினர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது உலக இயக்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் அமைப்பு தோன்றிற்று. நம் பிள்ளைகள் இன்று எளிதாக அணியும் சின்னம் ஒரு காலத்தில் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

இயக்கம் எல்லாச் சமயத்தார்க்கும் பொது. எனினும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதில் தனியொரு வழிகாட்டி உண்டு. பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருவான ஜாக் செவேன் அடிகளார், 1913-இல் இங்கிலாந்து சென்று இவ்வியக்கத்தை நேரில் கண்டார். 1920-இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சாரணர் அமைப்பை நிறுவியோருள் முதன்மையானவர் அவரே. எருசலேம் சிலுவையின்மேல் லில்லி மலரைப் பொறித்து அதற்குச் சின்னம் ஆக்கினார். 2012-இல் திருச்சபை அவரை வணக்கத்திற்குரியவராக அறிவித்தது. சாரணர் உறுதிமொழி திருமுழுக்கு வாக்குறுதிக்குப் போட்டியன்று. அதனை அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கச் சிறுவனைப் பழக்கும் கருவி என்பதே அவர் வாழ்வு நமக்குக் காட்டும் பாடம்.

இனி அந்தக் குறிப்பேட்டிற்கு வருவோம். நாள் நெருங்கியதும் முப்பது நாள் நற்செயலையும் ஒரே இரவில் தாயோ தமக்கையோ சொல்ல, பையன் எழுதிமுடிக்கும் வீடுகள் உண்டு. உதவி என்று எண்ணியே இதனைச் செய்கின்றனர். ஆனால் நம்பத்தக்கவனாய் இருப்பேன் என்று உறுதி கூறப்போகும் பிள்ளைக்கு, அவ்வுறுதியின் வாயிலிலேயே பொய்யைக் கற்பித்துவிடுகிறோம். பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் உதவும் சான்றிதழாக மட்டுமே இதனைக் கருதினால், இத்தீங்கு நம் கண்ணுக்குத் தெரியாது.

வலக்கை செய்யும் அறம் இடக்கைக்குத் தெரியலாகாது என்றாரே ஆண்டவர். பின் நற்செயலை எழுதிவைப்பது எதற்கு என்று சிலர் வினவலாம். அக்குறிப்பேடு பிறர் மெச்சுவதற்காக அன்று. இரவுச் செபத்திற்குமுன் நாம் செய்யும் ஆன்ம சோதனையைப் போன்றது அது. ‘இன்று ஒன்றும் செய்யவில்லை’ என்று ஒரு நாள் உண்மையாக எழுதப்பட்டிருப்பின், அந்த வரியும் மதிப்புடையதே.

நற்செயலுக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும் வேளையில் முதியவர் ஒருவரின் குடத்தைச் சுமக்கலாம். புளி தட்டும் பருவத்தில் அண்டை வீட்டாரோடு அமர்ந்து கொட்டை நீக்கலாம். தங்கைக்குப் பாடம் சொல்லித் தரலாம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, பாட்டியின் நிழலில் வளரும் பிள்ளைகளும் நம் பங்குகளில் உள்ளனர். அவர்களின் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் படித்து, நல்ல சொல் ஒன்று கூறுதல் அண்டை வீட்டாராகிய நம் கடமையன்றோ?

ஆகவே பெற்றோரே, எழுதித் தராதீர்கள். ஆனால் நாள்தோறும் கேளுங்கள். உறுதிமொழி நாளன்று ஒருவேளைக் கூலியை இழக்க நேரினும் சென்று நில்லுங்கள். அவன் கூறும் சொற்களுக்கு நீங்கள் சாட்சிகள். அன்று முதல், அவனுக்கு நாம் கொடுக்கும் வாக்கையும் தவறாது காப்போமாக.