ஒரு சொட்டு ரத்தத்துக்குப் பிறகு

சென்ற மாதம் பள்ளி உணவகத்தில் உயர்நிலை இரண்டு மாணவர் ஒருவர், சீனி சேர்க்காத குளிர்பானப் போத்தலை என்னிடம் நீட்டினார். "டீச்சர், இதில் ஏதோ எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். நான் குடிக்கலாமா?" போத்தலின் ஓரத்தில், எறும்பளவு எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி. ஃபினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு: இதில் ஃபினைல்அலனின் இருக்கிறது என்பது அதன் பொருள்.

குடிக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வரி யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைப் பற்றிய நினைப்பு ஒரு வாரம் விடவில்லை.

நாம் சாப்பிடும் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகிறது. அவற்றுள் ஒன்று ஃபினைல்அலனின். அதை டைரோசின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றுவதற்குக் கல்லீரலில் ஒரு நொதி உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தையிடம் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. ஃபினைல்அலனின் ரத்தத்தில் தேங்கி மூளையைப் பாதிக்கும். வட ஐரோப்பிய வழியினரிடம் ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது.

கடுமையான வகை உள்ள ஒரு பிள்ளை ஒரு நாள் முழுவதிலும் உட்கொள்ளக்கூடிய ஃபினைல்அலனின், கிட்டத்தட்ட ஒரு கோழிமுட்டையில் இருக்கும் அளவுதான். இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு எல்லாம் விலக்கு. சோற்றையும் அளந்துதான் சாப்பிட வேண்டும். உடலுக்குத் தேவையான புரதத்துக்கு ஃபினைல்அலனின் நீக்கிய ஒரு சிறப்புப் பானம். அதன் வாடையையும் சுவையையும் யாரும் புகழ்ந்து நான் படித்ததில்லை! குளிர்பானத்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேமின் எடையில் பாதிக்கு மேல் ஃபினைல்அலனின் என்பதால்தான் அந்தச் சிறிய எழுத்து எச்சரிக்கை.

இந்த நோயின் வரலாறு அறிவியலில் பெருமைப்படத்தக்க ஒன்று. 1934இல் நார்வேயில் ஒரு தாய், வளர்ச்சி குன்றிய தம் இரு பிள்ளைகளையும் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் கொண்டு சென்றார். பிள்ளைகளிடம் ஒரு விநோத வாடை வீசுவதை அவர் கவனித்திருந்தார். சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது பச்சை நிறமானது. ஃபோலிங் அந்த நிறத்தைத் தொடர்ந்து போய் நோயைக் கண்டுபிடித்தார். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கல் குழுவினர், உணவில் ஃபினைல்அலனினைக் குறைத்தால் குழந்தை தேறுவதைக் காட்டினர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் எளிய முறையை உருவாக்கினார். மூளை பாதிக்கப்படும் முன்பே நோயை அறிய வழி பிறந்தது.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. நான் தயாரித்த வினாத்தாள்களும் அப்படித்தான். எனக்கோ கதையின் முக்கியப் பகுதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

ஆறு வயதுக்குள் மூளையின் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே அதன்பின் உணவுக் கட்டுப்பாடு வேண்டியதில்லை என்று அக்கால மருத்துவர்கள் பலர் நினைத்தனர். 1970களில் பல மருத்துவமனைகள் ஐந்து, ஆறு வயதில் அந்தப் பிள்ளைகளை வழக்கமான உணவுக்கு மாற்றின. அந்த வீடுகளில் எவ்வளவு மகிழ்ச்சி இருந்திருக்கும்! பிறந்தநாள் விருந்தில் முதன்முறையாக மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து கேக் சாப்பிடலாம். இனி மருத்துவமனைக்கும் அலைய வேண்டாம்.

அந்த ஊகம் தவறானது. அது தவறு என்று தெரியவந்ததற்கு ஒரே காரணம், சிலர் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருந்ததுதான். பிரிட்டனில் 1964 முதல் ஒரு தேசியப் பதிவேடு இருந்தது. அமெரிக்காவில் 1967இல் தொடங்கிய கூட்டாய்வு, ஆறு வயதில் கட்டுப்பாட்டை விட்டவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டது. 1970களின் இறுதியிலிருந்து முடிவுகள் வரத் தொடங்கின. கட்டுப்பாட்டை விட்ட பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் சரிந்திருந்தது. தொடர்ந்தவர்கள் நன்றாக இருந்தனர். இன்று மருத்துவர்கள் வாழ்நாள் முழுவதும் கட்டுப்பாடு வேண்டும் என்கிறார்கள்.

ஆறு வயதோடு கோப்பை மூடியிருந்தால், அந்தப் பிள்ளைகள் எல்லாரும் 'குணமானவர்கள்' என்ற கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

இங்கே கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துணைப்பாட வகுப்புக்கு ஒழுங்காக வந்த மாணவர்களை மட்டும் வைத்து நான் வகுப்பின் சராசரியைக் கணக்கிட்டால் என்ன ஆகும்? என் வகுப்பு மிகச் சிறந்த வகுப்பாகத் தெரியும். மருத்துவமனையோடு தொடர்பு அறுந்த நோயாளிகளை விட்டுவிட்டு எழுதும் ஆய்வும் அப்படித்தான். அதிகம் சிரமப்படுகிறவர்களே வராமல் நின்றுபோயிருக்கலாம்.

மிகப் பெரிய அதிர்ச்சி இன்னும் சில ஆண்டுகள் கழித்து வந்தது. சிறு வயதில் காப்பாற்றப்பட்ட பெண் குழந்தைகள் வளர்ந்து, மணமாகி, தாயானார்கள். பலர் கட்டுப்பாட்டை விட்டு நெடுநாள் ஆகியிருந்தது. கர்ப்பிணியின் ரத்தத்தில் மிகுந்திருக்கும் ஃபினைல்அலனின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைத் தாக்கும். கருவிலிருக்கும் குழந்தைக்கு அந்த நோயே இல்லாவிட்டாலும் அதன் மூளையும் இதயமும் பாதிக்கப்படும். 1980இல் லென்கி, லெவி என்ற இரு மருத்துவர்கள் பல நாடுகளிலிருந்து 524 கர்ப்பங்களின் விவரத்தைத் திரட்டினர். அந்த அளவு மிக அதிகமாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகளில் 92 விழுக்காட்டினருக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. கருத்தரிக்கும் முன்பே கட்டுப்பாட்டுக்குத் திரும்பினால் இதைத் தடுக்கலாம் என்று பின்னர் 1984இல் தொடங்கிய ஆய்வு நிரூபித்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆறு வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பெயரும் முகவரியும் மாறிப்போன பெண்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் 2006 முதல் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற கருவி முறையால், ஒரே ரத்தப் புள்ளியில் இருபதுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட அரிய கோளாறுகளைக் கண்டறியும் திட்டத்தை நடத்துகிறது. தொடக்கத்தில் பரிசோதிக்கப்பட்ட குழந்தைகள் இப்போது உங்கள் அண்ணன், அக்காள் வயதினர். குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும் வயது அது. அம்மா நினைவூட்டிக்கொண்டே இருந்த சந்திப்புகளைத் தாமே நினைவில் வைக்க வேண்டிய வயது. 'எனக்கு ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று தோன்றும் வயதும் அதுதான். தொடர்பு அறுவதற்கு இதைவிட வசதியான தருணம் கிடையாது.

பரிசோதனைக் கருவிக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையாவது, பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிட்டு 'ஏன் வரவில்லை?' என்று கேட்கும் தாதிக்கும், பதிவேட்டைப் பராமரிக்கும் எழுத்தருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இது செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வராத வேலை. ஆனால் மேலே சொன்ன இரண்டு தவறுகளையும் பிடித்தது இந்த வேலைதான்.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. என்னையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனைச் சந்திப்புக்காக அடிக்கடி அரைநாள் விடுப்பு எடுத்த ஒரு மாணவியிடம், "விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறேன். அவருக்கு இருந்தது வேறு ஏதோ நீண்டகால நோய். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த இரு மாதங்கள் விடுப்பும் எடுக்கவில்லை. என் வகுப்பைத் தவறவிடக் கூடாது என்று இருந்தாரா, அல்லது சந்திப்பையே தவறவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது தவணையின் தொடக்கத்திலேயே ஒரு தாளைக் கொடுத்து, மருத்துவமனைச் சந்திப்புத் தேதிகள் இருந்தால் காரணம் எழுதாமல் தேதியை மட்டும் எழுதித் தரச் சொல்கிறேன். சோதனைத் தேதிகளை அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறேன். இந்தத் தவணையில் மூன்று தாள்கள் வந்தன.