பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார்

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை நடந்தால், பிறந்தநாளும் நினைவுநாளுமாக எம்.ஜி.ஆர்., சிவாஜி பேனர்கள் வருடம் முழுக்கக் கண்ணில் படும். டி.எஸ். பாலையாவுக்கு ஒன்று வைத்து நாம் பார்த்ததில்லை. 2014 அவருடைய நூற்றாண்டு. இந்தப் பக்கம் அது வந்து போன சுவடே இல்லை.

பாலையாவின் முதல் படம் 1936-இல் 'சதிலீலாவதி'. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அவருக்குக் கிடைத்தது சின்னதாக ஒரு இன்ஸ்பெக்டர் வேஷம், பாலையாவுக்கோ வில்லன். அதே 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அமெரிக்காவில் துணைப் பாத்திரங்களுக்கென்று தனி ஆஸ்கரே தொடங்கியது. முதலில் வாங்கியவர் வால்டர் பிரென்னன். நாலைந்து வருடத்தில் மூன்று வாங்கிவிட்டார். நம் தேசிய விருதுகளில் அந்தப் பிரிவு வர 1984 ஆயிற்று. பாலையா காலமானது 1972.

விருது கிடக்கட்டும். 1949-இல் வந்த 'வேலைக்காரி'யை எடுத்துக்கொள்வோம். அண்ணா எழுதியது. அதே ஆண்டு செப்டம்பரில், இங்கே ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் நனைந்தவர்களில் எத்தனையோ பேர் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். படத்தில் நீதிமன்ற வசனமெல்லாம் கே.ஆர். ராமசாமிக்கு. ஆனால் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டுக் கத்தியோடு கிளம்புகிறவனை உட்கார வைத்து, யோசிக்கச் சொல்லி, திட்டம் போட்டுக் கொடுக்கிற மணி பாலையாதான். கைதட்டல் யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

பாலையா என்றதும் எல்லோரும் குரலைச் சொல்வார்கள். நாம் காதைச் சொல்வோம். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை நாகேஷைப் பார்க்காதீர்கள். கதவு கிறீச்சிடுவதும் காற்று வீசுவதும் நாகேஷின் வாயில்தான். பேய் வருவதோ பாலையாவின் முகத்தில். மகனின் சினிமாப் பைத்தியத்தைக் கண்டாலே எரிந்து விழுகிற எஸ்டேட் முதலாளி அவர். கேட்கக் கேட்க ஒடுங்குகிறார், விழி பிதுங்குகிறது, ஆனால் எழுந்து போக மனசில்லை. நாம் சிரிப்பது அவர் பயத்தைப் பார்த்து. எதிரே வேறொருவர் உட்கார்ந்திருந்தால் நாகேஷ் நன்றாகப் பேசினார் என்பதோடு போயிருக்கும்.

அடுத்த வருடமே 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதரின் பாட்டு பாலமுரளி கிருஷ்ணாவுடையது, திமிர் பாலையாவுடையது. ஆனால் அந்த வேஷம் முழுமை பெறுவது அவர் பாடும்போது அல்ல. விறகு விற்க வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து பாட, உள்ளே கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான். கேட்டுத் தோற்பதை இவ்வளவு நன்றாக நடித்தவர் தமிழில் வேறு யார்? 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) தவில்காரர். சிவாஜியின் நாயனத்தை விட்டு அவர் கவனம் நகராது. தவிலுக்கு அதுதானே அழகு.

சிவாஜியே மட்டமா என்று சண்டைக்கு வராதீர்கள். சிவாஜிக்குப் பக்கத்தில் நின்றும் காணாமல் போகாத ஆட்களைத்தான் சொல்கிறோம்: பாலையா, ரங்காராவ், எஸ்.வி. சுப்பையா, எம்.ஆர். ராதா.

வடசென்னையே இந்த நகரத்தின் குணச்சித்திர நடிகர் என்று இங்கே ஒரு வரி போட்டால் எடுபடும். எண்ணூர் மின்சாரம் கொடுத்தது, துறைமுகம் சரக்கு இறக்கியது, பேர் மயிலாப்பூருக்கு என்று நீட்டலாம். வேண்டாம். பாலையாவுக்காவது டைட்டிலில் பெயர் வந்தது.

மாமனார்–மருமகள் கூத்தாக அவர் கலக்கிய 'பாமா விஜயம்' வெளியான அதே 1967-இல்தான் தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டர் திறந்தது. 2020-இல் மூடிவிட்டார்கள். அடுத்த இதழை இந்தப் பகுதித் தியேட்டர்களுக்கென்று ஒதுக்குகிறோம். ஆபரேட்டராக, டிக்கெட் கிழிப்பவராக, இடைவேளையில் முறுக்கு விற்றவராக வேலை பார்த்தவர்கள் எழுதலாம். எழுத வராது என்றால் சொல்லியனுப்புங்கள், நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். பழைய பாட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் நடிகர் பட்டியல் உள்ள பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பினால் போதும்.