செராமிக் பேட்டைக்கு ஒரு பிராது

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அச்சு ஊற்றுகிற, கிளேஸ் முக்குகிற, சூளை அடுக்குகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

இங்கே இஸ்ரேலில் சைரன் அடிக்கிறதா, ராத்திரி தூங்க முடிகிறதா என்றுதான் எல்லாரும் போனில் கேட்கிறீர்கள். அதையெல்லாம் போனிலேயே பேசிக்கொள்வோம். இந்த மடல் வேறு காரியத்துக்கு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு எழுதிக் கட்டுகிற பிராதாக இதை வைத்துக்கொள்ளுங்கள். சாமிக்கு அல்ல, உங்களுக்கு. விஷயம், தட்டு.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் குடும்பம் போலந்து வழி வந்தது. ஆசாரமான யூத வீடு. வருஷத்தில் பெரிய சமையல் பெசாக் பண்டிகைக்குத்தான். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோர் விடுதலையாகிப் புறப்பட்ட நாள் அது. மாவு புளிக்கக்கூட நேரம் இல்லாமல் கிளம்பினார்களாம். அதனால் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியத்தில் புளித்த எதுவும் ஏழு நாளைக்கு வீட்டில் இருக்கக் கூடாது. இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிஷத்துக்குள் சுட்டெடுத்த மாட்ஸா என்ற வறட்டு ரொட்டி மட்டும் உண்டு. பண்டிகை பௌர்ணமியில் வரும். 2025இல் நம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் மாலை தொடங்கியது. 2024இல் சித்ரா பௌர்ணமிக்கு முந்தின மாலை.

சமையலுக்கு முன்னால் பாத்திரம் வருகிறது. உங்கள் வேலை அங்கேதான். இந்த வீட்டில் இறைச்சிக்கு ஒரு செட் தட்டு, பாலுக்கு ஒரு செட். பெசாக்குக்கு என்று இறைச்சிக்கும் பாலுக்கும் இன்னும் இரண்டு செட், வருஷம் முழுக்கப் பரணில் தூங்கும். எவர்சில்வர் குண்டானைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினால் பண்டிகைக்கு ஆகும். நெருப்பில் வாட்டிச் சமைத்த கம்பியை நெருப்பிலேயே பழுக்கக் காய்ச்ச வேண்டும். உணவின் ருசி எந்த வழியில் உள்ளே போனதோ அந்த வழியில்தான் வெளியே வரும் என்பது கணக்கு. மண்ணில் செய்ததற்கு இந்த வழி கிடையாது. உறிஞ்சியதை மண் விடாது. லேவியராகமத்திலேயே உடைத்துப் போடச் சொல்லியிருக்கிறது. நம் வீட்டிலும் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து உள்ளே எடுப்போம், பழைய சட்டிப் பானையைப் போகிக்குக் கழித்துவிட்டுப் பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குவோம், இல்லையா? எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் பீங்கானையும் மண் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை. இன்சுலேட்டரை உடைத்துத் துண்டைச் சிவப்புச் சாயத்தில் அழுத்தம் கொடுத்து ஊறப்போட்டு, சாயம் ஏறியிருந்தால் கழித்துக் கட்டுவது வழக்கம் அல்லவா? நன்றாக வெந்த பீங்கானில் ஒரு பொட்டு ஏறாது. பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. ஆனால் பரணிலிருந்து இறக்கிய தட்டை ஒவ்வொன்றாகத் துடைப்பதை நிறுத்தவில்லை. அப்புறம் அவர் சொன்னதுதான் சுவாரசியம். மண்பாண்டத்துக்கும் ஒரு வழி இருக்கிறதாம்: சூளையில் மறுபடி வைத்து எடுத்தால் அது புதுப்பாத்திரம். வீட்டு அடுப்பில் வைத்தால் செல்லாது. பாத்திரம் வெடித்துவிடுமே என்று பயந்து பாதியிலேயே எடுத்துவிடுவார்கள் என்று அந்தக் காலத்துப் பெரியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சூளைக்காரன் மனசு தெரிந்து எழுதிய சட்டம்.

இனி சமையல். ஐந்து தானியம் போதாதென்று, ஐரோப்பா வழி வந்தவர்களுக்கு இந்த ஏழு நாளும் அரிசி, பருப்பு, எள், கடுகுகூடக் கிடையாது. கடுகு, உளுந்து இல்லாமல் நான் எதைத் தாளிப்பது! மிஞ்சுவது உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, மீன், கோழி, மாடு. முட்டை அட்டை அட்டையாக வரும். ஒவ்வொன்றையும் கண்ணாடி டம்ளரில் தனியாக உடைத்து, ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துத்தான் சட்டியில் ஊற்றுவோம். கீரைக்கும் அப்படித்தான்: லெட்யூஸை இலை இலையாகப் பிரித்துப் பூச்சி பார்க்க வேண்டும். அரை நாள் அதற்கே போய்விடும்.

இந்தச் சமையலுக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சாப்பாடு எப்போது பரிமாறப்படும் என்று யாருக்கும் தெரியாது. பண்டிகையின் முதல் இரவான செடரில் ஹகாடா என்ற ஏட்டைக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து வாசிக்கும். சின்னப் பிள்ளை கேள்வி கேட்கும், பெரியவர்கள் கதையை நீட்டுவார்கள். அதனால் காத்திருக்கக் காத்திருக்க ருசி கூடுகிற பண்டமாகத்தான் செய்ய வேண்டும். பொரியல் வகை வேலைக்கு ஆகாது. மாட்டு நெஞ்சுக்கறியை முந்தின நாளே மெல்ல வேகவைத்து, ஆறிய பிறகு துண்டு போட்டு (சூட்டில் வெட்டினால் நாராகப் பிரியும்) அதே குழம்பில் போட்டுவிடுவேன். மின்தட்டில் மணிக்கணக்கில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. கோழி சூப்பும் அப்படியே. அதில் மிதக்கிற க்நெய்ட்லாஹ் உருண்டைக்கு மாட்ஸா மாவு, முட்டை, எண்ணெய், உப்பு போட்டுப் பிசைந்து குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பிசைந்த உடனே உருட்டினால் கரைந்து போகும். மாவு ஈரத்தை இழுத்து இறுகிய பிறகு, கை நனைத்து நெல்லிக்காய் அளவு உருட்டி உப்புத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டால் இரண்டு பங்கு உப்பும்.

இறைச்சிச் சாப்பாட்டில் பால் சேரக் கூடாது, நெய்யும் கிடையாது. இனிப்புக்கு நான் சேர்த்த ஒரே பண்டம் கேரட் அல்வா. தேங்காய்ப்பாலில் கிளறி, எண்ணெயில் வறுத்த முந்திரியை மேலே தூவி வைத்தேன். தட்டு காலி.

ஒன்றை மறைக்க மனமில்லை. நான் சமைக்கலாம், ஆனால் அடுப்பைப் பாட்டியின் கைதான் பற்றவைக்க வேண்டும். யூதர் அல்லாதவர் கைபட்ட திராட்சை மதுவும் ஆகாது, முன்பே காய்ச்சிய வகையாக இருந்தால் ஒழிய. இரட்டைக் குவளை இருந்த டீக்கடைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் செடர் இரவில் அதே மேஜையில், அதே செட் தட்டில், பாட்டிக்குப் பக்கத்தில்தான் எனக்கும் இடம் போட்டார்கள். அதனால் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். சுருக்கென்றது முழுதாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

நம் பக்கத்து மனிதர்களுக்கு இந்தப் பண்டிகை புதிதல்ல. கொச்சி யூதர்கள் பல நூற்றாண்டாகக் கொண்டாடியது இது. அவர்களுக்குப் பெசாக்கில் அரிசி உண்டு. ஆனால் அதில் கல்லோ அந்த ஐந்து தானியமோ கலந்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்பத் திரும்பப் பொறுக்குவார்கள். ஹரோசெத் என்ற இனிப்புக் கலவையை ஐரோப்பியர் ஆப்பிளில் செய்வார்கள். கொச்சிக்காரர்கள் பேரீச்சம்பழத்தைக் காய்ச்சிப் பாகாக எடுப்பார்கள். 1950களில் பெரும்பாலோர் இங்கே குடியேறினார்கள். நெகேவ் பாலைவனத்து நெவாதிம் கிராமம் அவர்களுடையது. 1568இல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். தரை முழுக்கச் சீனத்துப் பீங்கான் ஓடு, கையால் நீலம் தீட்டியது. பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற அக்காமார் அவசியம் பார்க்க வேண்டும்.

என் பிராது இதுதான். செடர் மேஜை நடுவில் ஒரு தட்டு வைப்பார்கள். அதில் ஆறு பண்டம்: வாட்டிய எலும்பு, வாட்டிய முட்டை, முள்ளங்கி ஜாதிக் காரக் கிழங்கு, கசப்புக் கீரை, உப்புத் தண்ணீரில் தோய்க்கிற ஒரு காய், ஹரோசெத். வருஷத்துக்கு ஒரு ராத்திரிதான், ஆனால் பண்டிகை கொண்டாடுகிற வீட்டுக்கு ஒன்று வேண்டும். ஜெருசலேம் கடைகளில் ஆர்மீனியப் பீங்கான் என்று அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் குயவர்கள் 1919 வாக்கில் துருக்கியின் குத்தாஹியாவிலிருந்து ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்து ஓடுகளைப் பழுதுபார்க்க வந்தவர்கள். தங்கிவிட்டார்கள், தொழிலும் ஊன்றிவிட்டது. நெய்வேலிக் களிமண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பியூஸ் கட்டையும் அகல் விளக்கும் கொலு பொம்மையும் ஊற்றுகிற உங்களால் இது முடியாதா?

போட்டி காகிதத் தட்டோடுதான். பரணில் ஏறி இறங்க முடியாதவர்கள் அதற்கு மாறி வருகிறார்கள். ஆனால் நடுத்தட்டைக் காகிதத்தில் வைக்க யாருக்கும் மனம் வராது.

வேண்டியது: வட்டத் தட்டு, ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட. சுற்றி ஆறு குழி. முட்டை உருளாத ஆழம். எழுத்து வேண்டாம், தப்பாக எழுதினால் விற்காது. மனித உருவமும் வேண்டாம். மாதுளை, திராட்சைக் கொடி போதும். கிளேஸில் ஈயம் கூடவே கூடாது. பரிசோதனைச் சான்றிதழோடு அனுப்புங்கள். அடுத்த பெசாக் 2027 ஏப்ரல் 21 மாலை தொடங்குகிறது. ஆவணிக்குள் அச்சு தயாரானால் மாதிரித் தட்டைப் பாட்டியின் மகளிடம் காட்டி விலை பேசிவிடுவேன். இரண்டு மாதிரி அனுப்புங்கள், தபாலில் ஒன்று உடையும்.