இல்லமும் நாமும்: பழந்துணிப் பெட்டி

சென்ற திங்கள் இப்பகுதியில், மழைக்காலத்தில் அரிசி பருப்பைப் பூச்சியிலிருந்து காப்பது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சகோதரிகள் சிலர், "அரிசிப் பானைக்கு வழி சொன்னீர்கள், பரணில் கிடக்கும் பழந்துணிப் பெட்டிக்கும் ஒரு வழி சொல்லுங்களேன்" என்று கேட்டிருக்கின்றனர். நியாயமான கேள்வி. இத்திங்கள் அதற்கே இடம் தருவோம்.

ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடியமர்ந்த நம் குடும்பங்களில் அத்தகைய பெட்டி இல்லாத வீடு அரிது. அம்மாவின் மதுரைச் சுங்குடி, பாட்டியின் பதினெட்டு முழம், அப்பாவின் எட்டு முழ வேட்டி, பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட பாவாடைகள், தையற்காரர் திருப்பித் தந்த துண்டுகள் எல்லாம் அதில் உண்டு. தூக்கி எறிய மனம் வருவதில்லை. எடுத்துப் பயன்படுத்த நாளும் வருவதில்லை. மாற்றல் உத்தரவு வரும்போது பெட்டி லாரியில் ஏறுகிறது. புதிய ஊரிலும் திறக்கப்படாமலே மற்றொரு பரணில் குடியேறுகிறது. நம்மைப் போன்ற இரயில்வே குடும்பங்களுக்கு இது பழகிப்போன காட்சி.

இப்பெட்டியை என்ன செய்வது என்பதை நாம் வாழும் கரக்பூரிலேயே கற்றுக்கொள்ளலாம். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமான ஓட்டுத் தையலால் இணைத்துப் போர்வையாக்குகின்றனர். அதற்குக் காந்தா என்று பெயர். சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலையே தையலுக்குப் பயன்படுத்துவது முன்னாளைய வழக்கம். நம் 'கந்தை' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை. நாம் இழிவாகச் சொல்லும் சொல்லை அவர்கள் ஒரு கலைக்குப் பெயராக்கிவிட்டனர். குருசதய தத்தர் (1882–1941) என்னும் அரசு அதிகாரி ஊர் ஊராய்ச் சென்று சேர்த்த காந்தாக்கள் கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தின் செல்வமாயின. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட கதைப் பாடலில், கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தி தன் வாழ்க்கைக் கதையையே காந்தாவில் தைக்கிறாள்.

வங்காளத்தில் மட்டுமன்று. பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, வட கருநாடகத்தில் கௌதி என இவ்வழக்கம் நாடெங்கும் உள்ளது. நம்மவருக்கும் இதன் உட்கருத்து புதிதன்று. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மெத்தென்றான பழந்துணியில் கிடத்துவதும், தாயின் நூற்சேலையிலேயே தூளி கட்டுவதும் நம் ஊர் வழக்கமல்லவா? பழந்துணியின் மதிப்பை நாம் அறிவோம். அதை ஒழுங்காக வைத்து எடுத்தாளும் முறையையே மறந்துவிட்டோம்.

மறந்ததனால் என்ன நேரும் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தையே சொல்லலாம். மாமியார் காலமானபின் அவருடைய நான்கு நூற்சேலைகளும் ஒரு பட்டும் தகரப் பெட்டியில் இருந்தன. இளைய மருமகள், "அக்கா, பிறக்கப் போகிற குழந்தைக்கு அத்தையின் நூற்சேலையில் ஒரு போர்வை தைக்கலாமே" என்றார். மூத்தவரோ, "அத்தை கட்டிய சேலையிலா கத்தரி வைப்பது? அப்படியே இருக்கட்டும்" என்று பெட்டியைப் பூட்டிவிட்டார். இருவர் பேச்சிலும் அன்புதான் இருந்தது. எட்டு ஆண்டுகள் சென்றன. பெட்டியைத் திறந்தபோது பட்டு மடிப்புதோறும் பிளந்திருந்தது. மூன்று நூற்சேலைகளில் துருக்கறையும் பூஞ்சணமும் ஏறி, தொட்ட இடம் கிழிந்தது. "வெட்டக் கூடாது என்றுதானே வைத்தேன், ஒருவருக்கும் ஆகாமற் போயிற்றே" என்று அந்த அம்மையார் கலங்கினார். வைத்திருப்பது வேறு, காப்பது வேறு என்பதை நேயர்கள் இதனால் உணரலாம்.

இனி, முறையைச் சொல்லுவோம்.

முதல் வேலை பிரித்தல். மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி முழுவதையும் பாயில் கொட்டுக. நூல், பட்டு, செயற்கை இழை என மூன்றாகப் பிரிக்க. ஐயம் எழுந்தால் ஓர் இழையை மட்டும் உருவி, தட்டின்மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்க. பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். மூன்றையும் ஒரே போர்வையில் கலத்தலாகாது. துவைக்கும் முறையும் சுருங்கும் அளவும் வேறாதலின், ஒன்று மற்றொன்றை இழுத்துக் கெடுக்கும்.

அடுத்து, நூல்துணிகளை வலிமைப்படி பிரிக்க. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மெல்ல இழுத்துப் பார்க்க. தாங்குவது மேல்துணி. நைந்தும் கிழியாதது உள்துணி. அங்கங்கே மட்டும் நன்றாயிருப்பது ஒட்டுத்துணி. எங்கு இழுத்தாலும் விடுவது அடுப்படிக்கும் தரை துடைப்பதற்கும் போகட்டும். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுக. ஒட்டினால் அதனைத் தனியே வைக்க.

நமக்கு எவ்வளவு துணி தேவை? இதைக் கணக்கிடாமல் சேர்ப்பதனாலேயே பெட்டி நிறைகிறது. ஆறு கெஜச் சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமும் 1.15 மீட்டர் அகலமும் உடையது. அதனைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒருவர் போர்த்தும் போர்வைக்கு இரண்டு அடுக்கு கிடைக்கும். எனவே நான்கடுக்குப் போர்வைக்கு இரண்டு சேலைகள் போதும். குழந்தைக்கு எனில் ஒரு சேலையை 90 செ.மீ. அளவில் ஆறு துண்டாக்கலாம். மும்மூன்று அடுக்காக இரண்டு சிறு விரிப்புகள் ஆகும். பழைய எட்டு முழ வேட்டி உள்ளடுக்குக்கு மிகப் பொருத்தமானது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கொரு போர்வை என்றாலும் எட்டுச் சேலைகளே வேண்டும். முப்பது சேலைகள் பெட்டியில் உறங்குவானேன்?

மிகுந்தவற்றை அகற்றுவதில் பாவமொன்றும் இல்லை. நல்ல நிலையில் உள்ளவற்றைக் கட்டிக்கொள்ளக் கூடியவருக்குக் கொடுக்கலாம். செயற்கை இழைத் துணிகளைப் பழந்துணிக்குப் பாத்திரம் தரும் பெண்மணியிடம் போடலாம். ஒரே நிபந்தனை: எது யாருடையது என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டபின்பே ஒன்றை வெளியேற்ற வேண்டும்.

இரண்டாவது வேலை தூய்மை. கஞ்சி போட்ட துணியை ஒருபோதும் பெட்டியில் வைக்கலாகாது. இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்தாகும். கஞ்சி போகத் துவைத்து, நன்கு உலர்த்துக. இஸ்திரி போட்டால் சூடு ஆறியபின்பே மடிக்க. சூட்டோடு மடித்தால் ஈரப்பதம் உள்ளேயே தங்கும். நூல்துணிக்கு வெயில் நல்லது. பட்டுக்கு நிழற்காற்றே போதும்.

மூன்றாவது வேலை வைப்பு. தகரப் பெட்டியானால் துருவை உரசிப் போக்கி, உள்ளே பழைய வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக விரிக்க. செய்தித்தாள் வேண்டா, அதன் மை துணியில் ஏறும், நாட்பட்ட தாள் துணியையும் பழுப்பாக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறைகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. ஆயினும் சிறிது ஈரம் உள்ளே சிக்கினாலும் பூஞ்சணத்துக்கு அதுவே வீடாகும். நூல்துணி உறையே சிறந்தது. பெட்டியைச் சுவரை ஒட்டாமல் நான்கு செங்கற்களின்மேல் வைத்தால் தரை ஈரம் ஏறாது. கறையான் வந்தாலும் கண்ணில் படும். பட்டும் சரிகையும் தனி உறையில் இருக்கட்டும். மூன்று நான்கு திங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுக. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இழை அங்கேதான் முறியும்.

வங்காளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் முடிய ஈரக்காற்று. ஆகவே மழைக்கு முன் மே திங்களில் ஒருமுறையும், துர்க்கா பூசை கழிந்தபின் ஒருமுறையும் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே காயவைப்பது நலம். மற்ற மாநிலத்து அன்பர்கள் தத்தம் ஊர் மழைக்கு ஏற்ப நாளை மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்பகுதியில் வேறு எதை மறந்தாலும் இதை மறவாதிருக்க வேண்டுகிறோம். நாப்தலின் உருண்டைகளைக் குழந்தைக்கான துணிகளோடு வைக்கலாகாது. ஜி-6-பி-டி என்னும் நொதி உடலில் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. நம் நாட்டில் இக்குறை அரிதன்று. பார்த்த மாத்திரத்தில் தெரியவும் தெரியாது. அத்தகைய பச்சிளங்குழந்தை நாப்தலின் ஏறிய துணியில் கிடந்தால், அதன் ஆவி உடலிற் புகுந்து இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும். மஞ்சட்காமாலை கடுமையாகி மூளையையும் தாக்கக் கூடும். பாட்டியின் சேலையை ஆசையோடு எடுத்து நேரே பேரனுக்கு விரிக்கும் வீடுகளில் இந்த ஆபத்து மறைந்திருக்கிறது. ஏற்கெனவே உருண்டை போட்டு வைத்த துணியானால், பல நாள் வெளிக்காற்றில் தொங்கவிட்டு, துவைத்து, வெயிலில் உலர்த்தி, மணம் முற்றும் நீங்கியபின்பும் பெரியவர்களுக்கான போர்வைக்கே அதைப் பயன்படுத்துவது நன்று.

உருண்டைக்குப் பதிலாக நிழலில் உலர்த்திய வேப்பிலையையோ வசம்பையோ சிறு துணி முடிப்பில் கட்டி, ஆறு திங்களுக்கு ஒருமுறை மாற்றி வைக்கலாம். இவை பூச்சியை ஓரளவு விலக்கும், அவ்வளவே. உண்மையான காவல் தூய்மையும் உலர்வுமே. மேலும், குழந்தைக்குத் தைத்த விரிப்பைக் கீழே விரிக்க வேண்டுமேயன்றி, தூங்கும்போது முகம் மூடும்படி தளரப் போர்த்தலாகாது.

நான்காவது வேலை பதிவு. சீட்டில்லாத மூட்டை எங்கும் போய்ச் சேராது என்பது இரயில்வேயில் வேலை செய்வோர் யாவரும் அறிந்தது. துணிக்கும் அப்படியே. ஒவ்வொன்றின் மூலையிலும் சிறு வெள்ளைத் துணிச் சீட்டைத் தைத்து அதில் எண்ணை எழுதுக. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அந்த எண், துணியின் வகை, நீளம், யாருடையது, எந்த ஊரில் எந்த ஆண்டில் வாங்கியது, எதற்காக வைத்திருப்பது என ஆறு கட்டம் போட்டு நிரப்புக. "எண் 7. சின்னாளப்பட்டிச் சேலை. பாட்டி. மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. மேல்துணி." இவ்வளவே போதும்.

இதை எழுதும்போது வீட்டு முதியவர் அருகில் இருக்கட்டும்; பிள்ளைகள் எழுதட்டும். வங்காளியோ இந்தியோ பள்ளியில் படித்து வளரும் பிள்ளைகள், சின்னாளப்பட்டி எங்கே, காரைக்குடிக் கண்டாங்கி என்றால் என்ன, சுங்குடியில் அந்தப் புள்ளிகள் எவ்வாறு வந்தன என்று அப்போதுதான் கேட்பார்கள். பாட்டி சொல்வதைத் தமிழில் எழுதியும் பழகுவார்கள். இன்று கேட்காதவற்றை அவர் மறைந்தபின் யாரிடம் கேட்பது?

கத்தரி வைக்க மனம் ஒப்பாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வெட்டுமுன் சேலையை முழுதாக விரித்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்க. முந்தானையையும் கரையில் ஒரு சாணையும் மட்டும் தனியே காத்து வைக்க. மீதி, பேரப்பிள்ளைகளின் உடம்போடு இருக்கட்டும். பாட்டி மடியில் வைத்துக் கொஞ்சிய பிள்ளைகளுக்கு அவர் சேலை வெறும் துணியாகாது.

கடைசியாக ஒரு கட்டுப்பாடு. வீட்டுக்கு ஒரு பெட்டி. அது நிறைந்தபின், ஒன்று உள்ளே போக ஒன்று வெளியே வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு போர்வையாவது தைத்து முடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு வங்காள அம்மையாரை அழைத்தால் ஓட்டுத் தையலை மகிழ்வோடு கற்றுத் தருவார். நமக்கும் அவர்களுக்கும் உறவு நெருங்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. எடுத்துச் செலவழிக்கவே பெட்டி. பூட்டி வைத்தால் அது துணிக்குச் சமாதியே ஆகும்.

வரும் திங்கள், மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களை உடையாமல் கட்டும் முறை பற்றி எழுதுவோம். இப்பகுதி பற்றிய கேள்விகளை வழக்கம்போல் சங்கத்து முகவரிக்கு அனுப்பலாம்.