வானத்தைப் படிப்பவர் யார்? பட்டறைக்குப் போகிறவர் யார்?

ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானதும், திருவண்ணாமலை மாவட்டத்தின் சேரிகளிலும் ஜவ்வாது மலைக் கிராமங்களிலும் ஒரே அறிவுரை கேட்கிறது: ஐ.டி.ஐ.யில் சேர்ந்து ஒரு தொழிலைக் கற்றுக்கொள், சீக்கிரம் வேலை கிடைக்கும். அந்த அறிவுரையில் தவறில்லை. தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த ஒரே அறிவுரை மட்டுமே சொல்லப்படுவதுதான் தவறு. வானியலையும் ஒரு படிப்பாக அவர்கள் முன் வைப்போர் அரிது. கையால் செய்வது ஒரு பிரிவினருக்கு, கருத்தால் அறிவது இன்னொரு பிரிவினருக்கு என்னும் இந்தப் பங்கீட்டைக் கல்வித்துறையின் இயல்பான ஏற்பாடாக நாம் ஏற்க முடியாது. சாதி இங்கே பாடத்திட்டத்தின் உருவில் வந்து நிற்கிறது.

இந்தப் பங்கீடு பொய் என்பதற்கான சான்று ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. அம்மலையில் உள்ள காவலூரில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வான்நோக்குப் பணி தொடங்கியது. அன்று காவலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். 1977 மார்ச்சில் யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்திய நோக்கீடுகளில் காவலூரின் நோக்கீடும் ஒன்று. 1986இல் அங்கே இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி, வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அத்தொலைநோக்கியை உருவாக்கியது வெறும் சமன்பாடு அன்று. அதன் ஆடி பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. இயந்திரப் பகுதிகள் மகாராட்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில் வார்க்கவும் கடையவும் பட்டன. ஆடியின் மீது பூசிய அலுமினியப் படலம் மங்கும்போதெல்லாம் வெற்றிடக் கலனில் வைத்து மீண்டும் பூச வேண்டும். புவி சுழலும் வேகத்துக்கு ஈடாகக் குழாயைத் திருப்பும் பற்சக்கரங்கள் பிசகின்றி ஓட வேண்டும். ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன், குளிர்பதனத் தொழில்நுட்பர் ஆகியோரின் கைகள் இல்லாமல் எந்த விண்மீனும் எந்த ஆய்வேட்டிலும் இடம்பெறாது. ஆயினும் ஆய்வேட்டில் பெயர் பெறுவோர் யார், பட்டறையோடு நின்றுவிடுவோர் யார் என்று நாம் கேட்டாக வேண்டும். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்வோரையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கினார். பிரிவினையின் அந்த முறையைத்தான் இன்றைய கல்லூரிச் சேர்க்கையிலும் காண்கிறோம்.

தமிழகத்துக்கு இந்தச் சண்டை புதிதன்று. 1953இல் இராஜாஜி அரசு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் படித்துவிட்டு மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வி என்று அதை எதிர்த்து மக்கள் போராடினர். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த பி.எம். விஸ்வகர்மா திட்டமும் குரு-சிஷ்ய மரபையும் குடும்பத் தொழிலையும் போற்றிப் பதினெட்டுத் தொழில்களைப் பட்டியலிட்டது. குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்கவும், குறைந்தபட்ச வயதை 35 ஆக உயர்த்தவும் தமிழக அரசு கோரியது. அது ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் அத்திட்டத்தை இப்போதைய வடிவில் செயல்படுத்த மறுத்தது. அந்த மறுப்பு சரியானது. ஆனால் பிறப்பைக் கொண்டு தொழிலை ஒதுக்குவதை எதிர்ப்பது பாதி வேலைதான். பிறப்பைக் கொண்டு அறிவை ஒதுக்குவதையும் எதிர்க்க வேண்டும்.

வானம் இவ்வாறு நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டே வந்திருக்கிறது. நாள், கோள், திதி கணிப்பது வேதம் ஓதியவர்களின் உரிமை என்று சொல்லப்பட்டது. ஆனால் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த வள்ளுவர்கள் கணியர்களாகவே அறியப்பட்டவர்கள். அறுமீனையும் விடிவெள்ளியையும் பார்த்து இரவுப் பொழுதை அளந்தவர்கள் நம் உழவுக் கூலிகள். கார்த்திகைத் தீபத்தன்று முழுநிலவு ஏன் கார்த்திகை விண்மீன்களின் அருகே நிற்கிறது? அம்மாதத்தில் சூரியன் விருச்சிகத்தில் இருக்கிறது. முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு நேரெதிரே நிற்கும். எனவே அது ரிஷபத்தில் உள்ள அவ்விண்மீன்களின் பக்கம் வருகிறது. இதில் மறைபொருள் எதுவும் இல்லை. ஒரு பந்தும் ஒரு விளக்கும் இருந்தால் வகுப்பறையில் காட்டிவிடலாம்.

அரசோ வேறு திசையில் நடந்தது. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தைப் பட்டப்படிப்பாக்க முன்வந்தது. அறிவியலாளர் பி.எம். பார்கவா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கை 2004இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021இல் இக்னோ சோதிடத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. பிறந்த நேரத்தால் விதி அமைகிறது என்னும் போதனை, பிறந்த குலத்தால் தகுதி அமைகிறது என்னும் போதனையின் உடன்பிறப்பு. இதற்கு மாற்று மருந்து, வானியலை எளிய பிள்ளைகளின் கைக்குக் கொண்டுசேர்ப்பதே.

வேலையற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு விண்மீன் எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வயிற்றுப்பாட்டை நாம் மறக்கவில்லை. ஆகவேதான் இரண்டையும் ஒரே பாடமாகக் கேட்கிறோம். ஆறு அங்குலத் தொலைநோக்கி ஆடியைக் கையாலேயே தேய்க்கலாம். இரண்டு கண்ணாடி வட்டுகள், கார்போரண்டம் பொடி, மெருகுக்கு சீரியம் ஆக்சைடு போதும். ஒரு சவர அலகும் சிறு விளக்கும் கொண்டு பரப்பைச் சோதிக்கலாம். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குப் பிழைகூடப் பிம்பத்தைக் கெடுக்கும். அந்த நுட்பம் கைவந்த மாணவர் ஒளியியல், கருவியியல், துல்லிய எந்திரத் தொழில்களின் வாசலில் நிற்கிறார். பரவளையத்தையும் ஒளியலையையும் அவர் பயன் கருதியே கற்றிருப்பார்.

எனவே நாம் கோருவன இவை. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியிலும் மாவட்டத்தின் அரசு ஐ.டி.ஐ.களிலும் தமிழில் ஒரு பருவ அறிமுக வானியல் பாடம் வேண்டும். கல்லூரி மாணவர் பட்டறையிலும் ஐ.டி.ஐ. மாணவர் வகுப்பறையிலும் சேர்ந்து அதைப் படிக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தோர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் சேர வழி இருப்பதுபோல, இயற்பியல் பட்டப்படிப்புக்கும் ஒரு பாலம் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளிகளுக்குத் தொலைநோக்கிகள் வேண்டும். காவலூரில் ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையுடன் பயிற்சி வேண்டும்.

இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்ட கோயில் நுழைவு, 2023 சனவரி 30 அன்று காவல்துறைப் பாதுகாப்போடுதான் தலித் மக்களுக்குக் கிடைத்தது. கோயில் கதவுக்குப் பூட்டு இருந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆய்வகக் கதவில் பூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. நல்லெண்ண அறிவுரையின் வடிவில் அது தொங்குகிறது. வரும் கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன்பே, மாணவர் அமைப்புகள் இக்கோரிக்கைகளோடு கல்லூரி முதல்வர்களையும் மாவட்ட ஆட்சியரையும் சந்திக்க வேண்டும். கருவியைச் செய்கிற கைக்கு, அக்கருவி காட்டும் வானத்தின் மீதும் உரிமை உண்டு.