சுற்றிக்காட்டாத தளம்

என் முதுகலை மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலைச் சுற்றிக்காட்டும் காணொளி. சாப்பாட்டை மறந்து இருவரும் பார்த்தோம். முடிந்ததும் அவள் சொன்னாள்: "அம்மாவ ஒரு தடவ இதுல கூட்டிட்டுப் போகணும் மேம். ஒரு வாரம் அடுப்புப் பக்கமே போக வேண்டாம்."

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத ஒருத்திக்கு ஓய்வு வேண்டும் என்று மகள் நினைக்கிறாள். இதைவிட நியாயமான ஆசை ஏது? என் சண்டை ஆசையோடு இல்லை. அதை மோப்பம் பிடித்துக் கடை விரித்தவர்களோடு.

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட கப்பல் இது. 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள். நிரம்பினால் பயணிகள் மட்டுமே ஏறத்தாழ 7,600 பேர். நடுவில் உயிருள்ள செடிகொடிகளோடு ஒரு பூங்கா. கடலைப் பார்க்காமல் அந்தப் பூங்காவைப் பார்த்தபடி பால்கனிகள். (கடலுக்குப் போய்க் கடலுக்கு முதுகு காட்டி உட்காரக் காசு கொடுப்பது என்ன ரசனையோ.) பெயர் சூட்டும் சடங்கில் கப்பலுக்கு 'ஞானத்தாய்' ஒருத்தியை நிறுத்துவது வழக்கம். இதற்கு மெஸ்ஸியை நிறுத்தினார்கள். சடங்குக்காவது இருந்த தாய் பதவியும் போயிற்று.

காணொளியில் என்னை அதிகம் உறுத்தியது பணக்காரக் குடும்பங்களுக்கான மூன்றடுக்கு வீடு. உள்ளே மாடியிலிருந்து இறங்கச் சறுக்குமரம். வெளியே வெள்ளை மரவேலி, தபால் பெட்டி. கடலுக்கு நடுவில் யார் கடிதம் போடுவார்கள்? ஆனால் அந்த வேலி நமக்குத் தெரிந்ததுதான். அமெரிக்கப் புறநகர் வீட்டின் வேலி. அதற்குள் மூச்சுமுட்டிக் கிடந்த மனைவிகளைப் பற்றித்தான் 1963இல் பெட்டி ஃப்ரீடன் எழுதினார். அவர்கள் வெளியேறிய பிறகு அந்த வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை ஃப்ரீடன் பேசவில்லை என்று 1984இல் பெல் ஹூக்ஸ் எழுதினார்.

அதற்கான விடை கப்பலின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து ஓடும் இத்தகைய கப்பல்களில் ஊழியர்களின் நீண்ட நடைபாதைக்கு, நெடுஞ்சாலையின் பெயரால் 'ஐ-95' என்று பெயர். அழுக்குத் துணி, காய்கறிப் பெட்டி, குப்பை, மனிதர் எல்லாம் அதன் வழியே. இந்தக் கப்பலில் ஊழியர்கள் 2,350 பேர். ஜன்னல் இல்லாத அறையில் அடுக்குக் கட்டில், இருவருக்கு ஓர் அறை என்பதுதான் கடைநிலை ஊழியர் பெரும்பாலோரின் குடித்தனம். நாங்கள் பார்த்த காணொளி அங்கே இறங்கவேயில்லை. தனியாகப் பணம் கட்டினால் சமையலறையையும் சலவையகத்தையும் காட்டும் சுற்றுலாவைப் பல கப்பல்களில் விற்கிறார்கள். வேர்வையும் வேடிக்கைப் பொருள்.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் ஓய்வுக்கான கீழெல்லை இது: 24 மணி நேரத்தில் 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம். கழித்துப் பாருங்கள், வாரத்துக்கு 91 மணி நேரம்வரை வேலை வாங்கலாம். மாதக்கணக்கில் நீளும் ஒப்பந்தத்தில் வார விடுமுறை என்ற ஒன்றே அநேகமாகக் கிடையாது. இதற்கு நடுவில்தான் பயணியின் கட்டிலில் துண்டை மடித்து யானையும் குரங்கும் செய்து வைக்க வேண்டும். காணொளி எடுத்தவர் அந்த யானையைக் கொஞ்சினார். மடித்த கையைக் காட்டவில்லை.

நிறுவனத்தின் தலைமையகம் மயாமி, பதிவு லைபீரியா. கப்பலைக் கட்டியது ஃபின்லாந்தின் துர்கு, பறப்பது பஹாமாஸ் கொடி. நடுக்கடலில் ஓர் ஊழியப் பெண்ணுக்கு அநீதி நடந்தால் எந்த ஊர்க் கதவைத் தட்டுவாள்?

பயணிக்கும் இதே கேள்வி இருந்தது. உயிரிழந்தவர்களின் குடும்பங்களும் வன்முறைக்கு ஆளான பெண்களும் போராடிய பிறகு, 2010இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அறைக்கதவில் வெளியே நிற்பவரைப் பார்க்க ஒரு துளை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிக்கும் உபகரணங்களும் தொற்றைத் தடுக்கும் மருந்துகளும் கப்பலிலேயே. சட்டப்படி வெளியாகும் குற்றக் கணக்கில் பாலியல் குற்றங்களே முன்னால் நிற்கின்றன. அறையைச் சுற்றிக்காட்டும்போது மெத்தையைத் தட்டிக் காட்டுகிறார்கள், குளியலறையில் தண்ணீரைத் திறந்து காட்டுகிறார்கள். அந்தத் துளை ஏன் வந்தது என்று சொல்வதில்லை.

2020 மார்ச் 8 அன்று இதே குழுமத்தின் 'செலப்ரிட்டி எட்ஜ்' கப்பலைப் பெண் அதிகாரிகளே செலுத்தினார்கள். கேப்டன் கேட் மெக்யூ. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மேல்மேடையில் ஒருத்தி நின்றதால் சலவையகத்தின் வேலைநேரம் குறைந்துவிடவில்லை.

கப்பல் ஊழியர்களில் ஆண்களே அதிகம், இதைப் போய்ப் பெண் பிரச்சினை ஆக்குகிறீர்களே என்று கேட்பார்கள். ஆம், அதிகம்தான். பெருக்குவதும் துவைப்பதும் ஏழை நாட்டு ஆணின் கைக்கு மாறிய பிறகும் பெண் வேலைக்குரிய மலிவு விலையிலேயே நிற்கிறது. அவன் கடலில் இருக்கும் அத்தனை மாதமும் பிலிப்பைன்ஸிலோ இந்தோனேசியாவிலோ கோவாவிலோ அவன் பிள்ளையையும் அவன் பெற்றோரையும் தனியாகச் சுமப்பவள் யார்? அவளுக்கு எந்தக் கப்பல்?

இதையெல்லாம் என் மாணவியிடம் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்: "அப்ப எங்கம்மா எப்பதான் மேம் உக்கார்றது?"

"அண்ணனுக்குச் சோறு வடிக்கத் தெரியுமா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். பிறகு கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "குக்கர் விசில் எண்ணக்கூட அம்மாவத்தான் மேம் கூப்பிடுவான்."